தயவுசெய்து இருக்கையில் அமரவும்

"பால் திரிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடை. காலை எட்டு மணி. குழந்தைராஜ் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "திரியலையே சார்" என்றார்.

"சரி. திரிஞ்சா?"

"கொட்டிட்டு வேற பால் வைப்போம்."

"அந்த நேரத்துல டீ கேட்டு வந்தவரு நின்னுகிட்டே இருப்பாரா, போயிடுவாரா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தொங்கிக்கொண்டிருந்த மிக்சர் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். குழந்தைராஜ் உணவுத் துறை அதிகாரி இல்லை, டீக்கடை வைக்கும் உத்தேசமும் அவருக்குக் கிடையாது. எங்கே போனாலும் இப்படித்தான். சலூனில் கத்தரி உடைந்தால் பாதித் தலையோடு இருப்பவரின் கதி என்ன என்று கேட்டு, பெருங்களத்தூரில் இரண்டு கடைகளுக்குள் நுழைய முடியாதபடி செய்துகொண்டவர்.

பெருங்களத்தூரில் என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறார். நாற்பது வயது, முன்வழுக்கை. சட்டைப் பையில் நாலு வண்ணப் பேனா ஒன்று எப்போதும் இருக்கும். அவருக்குச் சொந்த ஊர் வலங்கைமான் பக்கம், எனக்குத் தஞ்சாவூர். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் காரில் எனக்கு ஓர் இடம் உண்டு. அவர் மனைவி அனிட்டா மட்டும் இரண்டு நாள் முன்பே ரயிலில் போய்விடுவார். "அஞ்சு மணி நேரம் கார்ல அவரு பேசுறதைக் கேக்கணும். ரயில்ல ஜன்னலாவது இருக்குங்க" என்பது அனிட்டா சொல்லும் காரணம். நான் சொல்வது இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷத்துப் பொங்கலை.

டீ பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. அவருடைய அக்கா விண்ணரசி. குழந்தைராஜ் எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"தம்பி, எங்கடா வர்ற? நேத்து அடிச்ச காத்துல பயிரு மொத்தமும் படுத்துருச்சுடா. சாயங்காலம் மழைங்கறான் டிவியில. மெஷின்காரரு பதினோரு மணிக்கு வர்றேன்னிருக்காரு. இன்னிக்கு அறுக்கலேன்னா நெல்லு கதிரோட முளைச்சுரும்."

"வந்துகிட்டே இருக்கேன்க்கா. மெஷின்காரரு வரலேன்னா என்ன பண்றதா இருக்க?"

"வாய வச்சுகிட்டுச் சும்மா வாடா" என்று போனை வைத்துவிட்டார் விண்ணரசி.

விண்ணரசியின் கணவர் சகாயராஜ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பன்னிரண்டு வருஷமாக இங்கே பத்து மா நிலத்தையும், அதாவது மூன்றேகால் ஏக்கரையும், தனியாக நின்று பார்த்துக்கொள்வது விண்ணரசிதான். அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்து, நாற்று ஒருமுறை அழுகி, மறுபடி விதைவிட்டு, ஐந்து மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த சம்பா அது. அது இப்போது மண்ணில் படுத்துக் கிடந்தது. சாயங்காலம் வரைதான் அவகாசம்.

குழந்தைராஜின் வேலை என்ன என்று அவருடைய மாமனார் பத்து வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு, இப்போது "கார் கம்பெனி" என்று சொல்லிக்கொள்கிறார். நான் கொஞ்சம் பொறுமைசாலி. எனக்குப் புரிந்தவரை இதுதான்: இன்றைய வண்டிகளுக்குள் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்கான சாஃப்ட்வேரைச் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் என்ன எழுத வேண்டும் என்பதை எழுதுபவர் குழந்தைராஜ். ஒரு ஆள் வண்டிக்கு வருகிறான், கதவைத் திறக்கிறான், உட்காருகிறான், சாவியைத் திருகுகிறான். ஒவ்வொரு அடிக்கும் வண்டி என்ன பதில் சொல்ல வேண்டும்? சாவி திரும்பவில்லை என்றால்? கதவு சாத்தவில்லை என்றால்? இப்படி ஒரு காரியத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை கதை மாதிரி எழுதுவதற்கு அவர்கள் பாஷையில் யூஸ் கேஸ் என்று பெயர். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒற்றைப் பட்டனுக்கு அவர் நாற்பத்தேழு பக்கம் எழுதியிருக்கிறார். சரியாக நடப்பதை நீல மையிலும், தப்பாக நடப்பதைச் சிவப்பு மையிலும் முதலில் கையால் எழுதுவார். சிவப்புதான் சீக்கிரம் தீரும்.

"ஒழுங்கா நடக்கறதை எவன் வேணும்னாலும் எழுதுவான் சார். நடக்கக்கூடாதது நடந்தா என்னங்கறதுதான் நம்ம சோறு" என்பார்.

சோறு என்றதும் அனிட்டா சொன்னது நினைவுக்கு வருகிறது. "மூணு விசில் வந்தா அணைங்கன்னு சொல்லிட்டு ஒருநாள் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தா வீடெல்லாம் கருகல் வாசனை. என்னங்கன்னா, ரெண்டாவது விசில் ரொம்ப நீளமா வந்துச்சு, அதை ஒண்ணுன்னு எடுத்துக்கறதா ரெண்டுன்னு எடுத்துக்கறதான்னு நீ தெளிவாச் சொல்லலியேங்கறாரு."

யூஸ் கேஸ் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓரத்தில் படம் உண்டு. வட்டத் தலை, ஒரு கோடு உடம்பு, இரண்டு கோடு கை, இரண்டு கோடு கால். இந்தக் குச்சி ஆள்தான் டிரைவர். நாப்கினிலும் பஸ் டிக்கெட்டிலும் அவர் இதை வரைந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். குச்சி ஆள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பான். வரைந்த மனிதர் அதையாவது கவனித்திருக்கலாம்.

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் அவர் தன் சாதனைக் கதையைத் தொடங்கினார். நான் அதை ஆறாவது தடவையாகக் கேட்டேன்.

குழந்தைராஜின் அப்பாவுக்குப் பையன் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்பது ஒரு வைராக்கியம். எட்டாம் வகுப்பிலேயே தஞ்சாவூர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னையைச் சுற்றிக் கொட்டகை போட ஆரம்பித்த நேரம் படிப்பு முடிந்தது. அப்படியே உள்ளே போனவர், ஒரு கட்டத்தில் ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்தார். அங்கேதான் அந்தக் கூட்டம் நடந்தது. இந்தியாவின் நெல் வயல்களுக்காக ஒரு அறுவடை இயந்திரம் செய்கிறார்கள். டிரைவரின் பாதுகாப்புக்கான யூஸ் கேஸ்களை எழுத வேண்டும். இங்கே யாருக்கு இந்திய நெல் விவசாயியைத் தெரியும் என்று கேட்டார்களாம்.

"பதினாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க சார். நான் எந்திரிச்சேன். ஐயாம் ஃப்ரம் காவேரி டெல்டான்னேன். அவ்வளவுதான்."

டிரைவர்கள் தரப்பில் யாரைக் கலந்து பேசினீர்கள் என்று அந்த ஆவணத்தில் ஒரு கட்டம் உண்டாம். அதில் இவருடைய பெயரையே போட்டுக்கொண்டார்கள். விடுதிக்குப் போன பிறகு இவர் ஒரு அறுப்பைக்கூடப் பார்த்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. படிக்கும்போது லீவு எல்லாம் மே மாதம், வேலைக்கு வந்தபின் பொங்கலுக்கு வந்தால் அறுப்பு முடிந்திருக்கும்.

என்னைக் கும்பகோணத்தில் இறக்கிவிடுவது வழக்கம். அன்று, "அறுப்பைப் பாத்துட்டுப் போங்க சார், நானே தஞ்சாவூர்ல கொண்டாந்து விடறேன்" என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது.

நாங்கள் போனபோது இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. பயிர் முழுவதும் மேற்கே பார்த்து ஒரே வாக்கில் படுத்திருந்தது. வரப்போரம் மட்டும் கொஞ்சம் நின்றது. கிழக்கே வானம் அப்போதே கறுத்திருந்தது. விண்ணரசி சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆட்களிடம் படுதா விரிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்து, "வந்துட்டியா" என்றதோடு சரி.

குழந்தைராஜ் இயந்திரத்தைப் பார்த்தார். அப்படியே வரப்பில் நின்றுவிட்டார்.

"சார், இது நம்ம வண்டி!"

சிவப்பு வண்டி. டயருக்குப் பதில் பெல்ட் சக்கரம். புதிது. ஷூவோடு வரப்பில் ஓடிப்போய் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தார். படுதா விரித்தவர்களிடமெல்லாம் "இது நான் எழுதின வண்டி" என்று சொன்னார். எழுதின வண்டி என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியவில்லை. வண்டியில் எங்காவது அவர் பேர் எழுதியிருக்கிறதா என்று ஒரு அம்மாள் தேடிப் பார்த்தார்.

ஓட்டியவர் குத்தாலத்துக்காரர், பெயர் அரசப்பன். தலையில் துண்டு, வெற்றிலை வாய். நின்ற பயிரை உட்கார்ந்தபடியே அறுத்துக்கொண்டு போனார். படுத்த பயிர் வந்ததும், எல்லா டிரைவர்களும் செய்வதுபோல எழுந்து நின்று, முன்னால் குனிந்து, கத்தி மண்ணில் படாமல் கதிருக்கு அடியில் நுழைகிறதா என்று பார்த்தார்.

மூன்று தடவை 'பீப்' என்று சத்தம் வந்தது. கத்தி நின்றது. எல்லாம் நின்றது. அரசப்பனுக்கு எதிரே இருந்த சின்னத் திரையில் தமிழ் எழுத்து வந்தது: 'தயவுசெய்து இருக்கையில் அமரவும்.'

அரசப்பன் உட்கார்ந்தார், மறுபடி கிளப்பினார். இருபதடி போனார். எழுந்தார். பீப், பீப், பீப்.

"பாத்தீங்களா சார்!" குழந்தைராஜ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒன்றரை செகண்டு! ஆளு சீட்டை விட்டு எந்திரிச்சா வண்டி ரெண்டு செகண்டுக்குள்ள நிக்கணும்னுதான் எழுதினேன். அந்தத் தமிழ்கூட நம்மளுதுதான். தயவுசெய்துன்னு போடணும்னு சண்டை போட்டேன்."

ஏழாவது தடவை நின்றபோதும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு சொன்னார். எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது. இந்த மனிதர் எழுதியது எழுதியபடி நடக்கிறது என்கிற சந்தோஷத்தில் இருக்கிறார், அக்காவின் வயல் அப்படியே கிடக்கிறது.

விண்ணரசி வந்தார். "இவன் எதுக்குச் சிரிக்கிறான்?" என்று என்னிடம் கேட்டார். அரசப்பன் மேலிருந்து, "வண்டி எந்திரிக்க விடமாட்டேங்குதுங்க" என்றார்.

"உக்காந்துகிட்டே அறுங்களேன்."

"பாருங்க" என்று உட்கார்ந்தபடி ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டினார் அரசப்பன். உட்கார்ந்தால் கத்தி கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தடிக்குள் கத்தி மண்ணில் செருகி, சேற்றை வாரி வீசியது. கதிர் பாதி அறுபட்டு, பாதி மிதிபட்டுப் போயிற்று. விண்ணரசி இறங்கி அந்தச் சேற்றிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை அள்ளினார். தம்பியிடம் கொண்டுவந்து, அவர் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தார்.

"பயிரு சாயும்னு உன் புஸ்தகத்துல இல்லையாடா?"

குழந்தைராஜ் கையில் இருந்த சேற்றைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். அரை மூட்டை நெல்லைத் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். வண்டி ஓடியது! அரசப்பன் நின்றுகொண்டு அழகாக அறுத்தார். எல்லோரும் சிரித்தோம். குழந்தைராஜ் மட்டும் சிரிக்காமல், "ரெண்டு நிமிஷம்" என்றார் மெல்ல. சரியாக இரண்டு நிமிஷத்தில் வண்டி நின்றது. இந்தத் தடவை திரையில் வேறு வாக்கியம்: 'இருக்கையில் உள்ள பொருளை அகற்றவும்.'

"கல்லைத் தூக்கி வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நம்ம ஆளுங்களாச்சே" என்றார் குழந்தைராஜ். "ரெண்டு நிமிஷம் அசையாம இருந்தா அது ஆளு இல்லேன்னு எழுதினேன்."

அதற்காகக் கம்பெனியில் அவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்களாம். கல்லை வைப்பார்கள் என்று ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தவருக்கு, எதற்காக வைப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"சீட்டுக்கடியில இருக்கற அந்த ஒயரைப் பிடுங்கிடவா?" என்றார் அரசப்பன்.

"ஐயோ வேணாங்க. பிடுங்கினா அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது. கம்பெனி ஆளு லேப்டாப்போட வரணும். ரெண்டு நாளாகும்."

"அதையும் நீதான் எழுதினியா?" என்றார் விண்ணரசி.

வேறு வண்டிக்கு வழியில்லை. அந்த வட்டாரம் முழுக்கப் பயிர் படுத்திருந்தது, எல்லா வண்டியும் யாரோ ஒருவர் வயலில் நின்றது. குழந்தைராஜ் போனை எடுத்துக்கொண்டு வரப்பின் கடைசிக்குப் போய் ஜெர்மனிக்குப் பேசினார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் விளக்கினார், பிறகு கெஞ்சினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மாத்தலாமாம். ஃபாரம் போடணும். அடுத்த மாசம் மூணாவது வாரம் கமிட்டி. சரின்னா செப்டம்பர்ல வர்ற வண்டிக்கு" என்று என்னிடம் சொன்னார். "அந்த ஃபாரம் நான் டிசைன் பண்ணதுதான் சார்."

அரசப்பன் வண்டியிலிருந்து இறங்கி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இடது கையை நீட்டினார். அதில் இரண்டு விரல் இல்லை.

"இப்படி வண்டியைத் தானா நிறுத்துற பூட்டு நல்லதுதான் சார், தப்பு சொல்ல மாட்டேன். முந்தி ஓட்டுன வண்டியில இது இருந்திருந்தா இந்த வெரலு இருந்திருக்கும். எறங்கிப்போயி அடைச்ச வைக்கோலு எடுத்தேன், கத்தி ஓடிகிட்டே இருந்துச்சு. ஆனா எறங்குறது வேற, எந்திரிச்சு நிக்குறது வேற இல்லீங்களா? எறங்குனா நிறுத்தட்டும். நின்னா எதுக்கு நிறுத்தணும்?"

குழந்தைராஜ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வண்ணப் பேனாவை எடுக்கவில்லை. "இதை யாரும் எங்கிட்ட சொல்லலியேங்க" என்றார்.

"எங்கிட்ட யாரும் கேக்கலியே சார்."

அரசப்பன் கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு தகவல். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஆவணத்தில் அந்தக் கட்டத்தில் இருக்கிற பெயர் எனக்குத் தெரியும் அல்லவா?

விண்ணரசி வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பத்து மாவில் முக்கால் மாகூட ஆகவில்லை. இருந்த ஆட்களில் நாலு பேர் படுதாவுக்கும் மூட்டைக்கும், இரண்டு பேர் வாய்க்கால் வெட்டிவிடவும் வேண்டும். எனக்குச் சாக்குப் பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். வேலை இல்லாமல் நின்ற ஆள் ஒருவர்தான்.

"ஷூவைக் கழட்டுடா" என்றார் விண்ணரசி. "ஏறி உக்காரு."

"நானாக்கா?"

"கல்லு உக்காந்தா அதுக்குத் தெரியுதுங்கற. நீ போய் உக்காரு."

குழந்தைராஜ் ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அவர் கால் அந்தச் சேற்றில் இறங்கியது. இரண்டடி வைத்ததும் வழுக்கினார், ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அரசப்பன் முன்னால் நின்றார். பின்னால் இருக்கையில், அவர் முதுகையே பார்த்தபடி, குழந்தைராஜ் உட்கார்ந்தார்.

"எந்திரிச்சிராதீங்க சார். நான் முன்னாடி பாத்துக்கறேன்."

வண்டி கிளம்பியது. ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. அரசப்பன் குனிந்து குனிந்து, கத்தியை ஒரு விரல் ஏற்றி இறக்கி, படுத்த பயிரை மண்ணிலிருந்து வழித்து எடுத்தார். படுதாவில் நெல் கொட்டியது. விண்ணரசி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக முகம் தெளிந்தார். வைக்கோல் தூசு குழந்தைராஜின் வெள்ளைச் சட்டையில் அப்பியது, வழுக்கையில் அப்பியது. துடைத்துக்கொள்ளக்கூட அவர் இருக்கையிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாலரை மணிக்கு இன்னும் ஒன்றரை மா பாக்கி. கிழக்கிலிருந்து காற்று குளிர்ந்து அடித்தது. சாக்கின் மேல் முதல் துளி விழுந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து குழந்தைராஜின் பேண்ட் பின்பையில் போன் அடித்தது. ஜெர்மனியாகத்தான் இருக்கும், அவர்கள் விளக்கம் கேட்டு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போனை எடுக்க வேண்டுமானால் இடுப்பைத் தூக்க வேண்டும். அவர் இருக்கையின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்து, உடம்பை இன்னும் கீழே அழுத்திக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது.

வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று. மழைத்துளி வழியும் முகத்தோடு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம், தான் கல் இல்லை என்று வண்டிக்குத் தெரியும்படி, குழந்தைராஜ் இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் அசைந்து கொடுத்தார்.